ஐம்பது அடி பங்கு: சுரங்க ஊரும் ஒரு இளம் நிருபரும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பரண் மேல் இருந்த ஒரு தகரப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னார் சித்தப்பா. கரையான் ஏறியிருக்கான்னு பார்க்கணுமாம். திறந்தால் உள்ளே முழுக்கப் பேப்பர் கட்டிங்.

சித்தப்பா 1990-களில் ஒரு நாளிதழுக்கு ஜெயங்கொண்டம் பகுதி நிருபர். நிருபர் என்றதும் சம்பளம், பஞ்சப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பகல் முழுக்க டிவிஎஸ் ஃபிப்டியில் சுற்றுவார். சாயங்காலம் செய்தியை வெள்ளைத்தாளில் எழுதி, போட்டோ ரோலோடு கவரில் போட்டுத் திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அவசரம் என்றால் எஸ்டிடி பூத்தில் ஃபேக்ஸ். மாசம் ஏதோ கொஞ்சம் மதிப்பூதியம் வரும். மீதி வருமானம் பொங்கல் மலர், தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கிடைக்கும் கமிஷன்தான். அப்போது அவருக்கு 27, 28 வயசு இருக்கும். சென்னை ஆபீசுக்கு மாற்றலாகிப் போய்விடணும் என்பதுதான் கனவு.

பெட்டியில் பாதிக்கு மேல் பழுப்பு நிலக்கரிச் செய்திகள். ஜெயங்கொண்டம் இன்னொரு நெய்வேலி ஆகப்போகிறது, அனல்மின் நிலையம் வரப்போகிறது, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்ற வகை. நான் அப்போது பிளஸ் டூ. இந்தச் செய்திகளை நம்பித்தான் பி.இ.யில் மெக்கானிக்கல் எடுத்தேன். சுரங்கம் வந்தால் உள்ளூரிலேயே வேலை, சைக்கிளில் போய் வரலாம் என்று கணக்கு. சுரங்கம் வரவில்லை, நான் சாஃப்ட்வேருக்குப் போனேன். அது வேறு கதை.

கட்டிங்குகளுக்கு அடியில் மடித்த ஒரு பழைய பத்திரம் இருந்தது. என்னன்னு கேட்டேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது என்னோட ஐம்பது அடிடா தம்பி"ன்னார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிய 160 வருஷம் பின்னால் போகணும். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் வர்ஜீனியா சிட்டி என்ற ஊருக்கு. அந்த ஊரின் ஒரு இளம் நிருபரைப் பற்றி நான்தான் அவருக்கு முன்பொரு முறை சொல்லியிருந்தேன். அந்த நிருபரை உங்களுக்கும் தெரியும், வேறு பெயரில்.

தூக்கி எறிந்த நீல மண்

1859-ல் நெவாடாவின் வாஷோ மலைச்சரிவில் பேட்ரிக் மெக்லாலின், பீட்டர் ஓ'ரைலி என்று இரண்டு அயர்லாந்துக்காரர்கள் தங்கம் அரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கம் கிடைத்தது. ஆனால் கூடவே கனமான, நீலம் கலந்த ஒரு மண் வந்து கருவிகளை அடைத்துத் தொல்லை கொடுத்தது. அதை எரிச்சலோடு அள்ளி ஓரமாகக் கொட்டினார்கள். அந்தப் பக்கம் வந்த ஹென்றி காம்ஸ்டாக் என்ற வாய்ச்சவடால் பேர்வழி, இந்த இடமே என்னுடையது என்று சாதித்துப் பங்கு வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அந்த நீல மண்ணைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். தங்கம் இருந்தது. அதைவிடப் பல மடங்கு மதிப்புக்கு வெள்ளி இருந்தது. ஒரு டன்னுக்குக் கிட்டத்தட்ட 3,000 டாலர் பெறுமான வெள்ளி! அதாவது இத்தனை நாள் குப்பை என்று கொட்டியதுதான் புதையல். செய்தி பரவியதும் சியரா நெவாடா மலையைத் தாண்டி ஆயிரக்கணக்கில் ஜனம் வந்து குவிந்தது. மலைச்சரிவில் ஒரு ஊரே முளைத்தது. அதுதான் வர்ஜீனியா சிட்டி.

காம்ஸ்டாக் தன் பங்கைச் சுமார் 11,000 டாலருக்கு விற்றுவிட்டார். அடுத்த இருபது சொச்ச ஆண்டுகளில் அந்த வெள்ளி ரேகையிலிருந்து 30 கோடி டாலருக்கு மேல் எடுத்தார்கள். ரேகைக்கு அவர் பெயர்தான், 'காம்ஸ்டாக் லோட்'. 1870-ல் அவர் வறுமையில் தற்கொலை செய்துகொண்டார்.

இந்த இடத்தில் ஒரு இன்ஜினியராக ஒன்று சொல்லாமல் போக முடியாது. காம்ஸ்டாக் தாது ரொம்ப அகலம், ரொம்பப் பொலபொலப்பு. வழக்கமாகச் சுரங்கத்தில் இரண்டு பக்கமும் மரக்கம்பம் நட்டு மேலே ஒரு உத்திரம் வைப்பார்கள். இங்கே அவ்வளவு அகலத்துக்கு உத்திரம் கிடையாது, வைத்தாலும் நொறுங்கிவிடும். 1860-ல் பிலிப் டைடஸ்ஹைமர் என்ற ஜெர்மன் இன்ஜினியர் ஒரு வழி கண்டுபிடித்தார். கனமான மரச்சட்டங்களைக் கனசதுரக் கூடுகளாகப் பூட்டி, ஒன்றன்மேல் ஒன்று, ஒன்றன் பக்கம் ஒன்று என்று தேனடை மாதிரி எந்தத் திசையிலும் நீட்டிக்கொண்டே போவது. தாதுவை எடுத்த வெற்றிடத்தைக் கூடுகள் நிரப்பும். கூடுகளைக் கழிவுக் கற்கள் நிரப்பும். உலகம் முழுக்கச் சுரங்கங்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. மனுஷன் காப்புரிமை கூட வாங்கவில்லை. இன்றைக்கு நாங்கள் ஓப்பன் சோர்ஸ் என்று பெருமை பேசுகிறோமே, அதேதான். இதற்கு விலை கொடுத்தவை சியரா மலையின் காடுகள். அத்தனை மரமும் பூமிக்கடியில் போய்விட்டது.

வேலை இல்லாத மாலுமி

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம். பெயர் சாமுவேல் க்ளெமென்ஸ். பிறந்தது 1835 நவம்பர் 30, மிசூரி மாநிலத்தில். பதினொரு வயதில் அப்பா போய்விட்டார். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. பிறகு மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் ஓட்டும் பைலட். 1859-ல் லைசென்ஸ் வாங்கினார். நல்ல சம்பளம், நல்ல மரியாதை. 1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது, ஆற்றுப் போக்குவரத்து நின்றது, வேலை போயிற்று.

அவருடைய அண்ணன் ஓரியனுக்கு நெவாடா பிரதேசத்தின் செயலாளர் பதவி கிடைத்தது. தம்பியும் ஒட்டிக்கொண்டார். குதிரை கோச்சு வண்டியில் கண்டத்தின் பாதியைக் கடந்து 1861 ஆகஸ்டில் கார்சன் சிட்டி வந்து சேர்ந்தார்கள். வெள்ளி தோண்டிப் பணக்காரனாகி மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. ஒரு வருஷம் ஹம்போல்ட், அரோரா என்று ஊர் ஊராகப் பாறையை வெட்டினார். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் தாது அரைக்கும் ஆலையில் மண்வெட்டி வேலை, வாரம் 10 டாலரும் சாப்பாடும். அதையும் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்.

இதற்கிடையில் பொழுதுபோகாமல் 'ஜோஷ்' என்ற பெயரில் வர்ஜீனியா சிட்டியின் 'டெரிடோரியல் என்டர்பிரைஸ்' பத்திரிகைக்கு நையாண்டிக் கடிதங்கள் எழுதிப் போட்டிருந்தார். ஆசிரியர் ஜோசப் குட்மனுக்கு அவை பிடித்திருந்தன. குட்மனுக்கே அப்போது 24 வயசுதான். அவருடைய உள்ளூர் நிருபர் விடுப்பில் போக இருந்தார். வாரம் 25 டாலருக்கு வருகிறாயா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

1862 செப்டம்பர் கடைசியில், நூறு மைலுக்கு மேல் நடந்து, புழுதி அப்பிய தாடியோடும் போர்வை மூட்டையோடும் க்ளெமென்ஸ் ஆபீசுக்குள் நுழைந்தார். வயது 26. கையில் காசில்லை.

முதல் நாள் அனுபவத்தைப் பின்னாளில் 'ரஃபிங் இட்' (1872) என்ற நூலில் அவரே எழுதியிருக்கிறார். ஊர் முழுக்க அலைந்தும் செய்தி சிக்கவில்லை. கடைசியில் வைக்கோல் ஏற்றிய ஒரே ஒரு வண்டி வந்தது. அதைப் பதினாறால் பெருக்கி, பதினாறு திசையிலிருந்து பதினாறு வண்டி வந்ததாக எழுதிவிட்டாராம். இன்னும் இரண்டு பத்தி தேவை என்று தவித்தபோது ஒரு ரவுடி சாராயக்கடையில் ஒருவனைக் கொன்றான். செத்தவனுக்காக வருத்தப்படுவதா, பத்தி நிரம்பியதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை என்கிற தொனியில் எழுதுகிறார். இதைப் படித்துக் காட்டியபோது சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லா ஊர்லயும் இதே கதிதான்"ன்னார்.

அடிக் கணக்கில் லஞ்சம்

முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

வெள்ளி ரேகை என்பது பூமிக்குள் ஒரு கோடு மாதிரி ஓடுவது. அதனால் உரிமையை ஏக்கரில் அளக்காமல், ரேகையின் நீளத்தில் அடிக் கணக்கில் அளந்தார்கள். சுரங்கப் பங்கும் அப்படியே. 'எனக்கு அந்தச் சுரங்கத்தில் இருபது அடி இருக்கிறது' என்பார்கள். டீ குடிக்கக் காசில்லாதவன் பையில்கூட முப்பது சுரங்கத்தின் அடி இருக்கும்.

உண்மையில் வெள்ளி கிடைத்தவை சில சுரங்கங்கள்தான். மீதியெல்லாம் குழி தோண்டி, அழகாகப் பங்குப் பத்திரம் அச்சடித்து, ஊர் தெரியாதவர்களிடம் விற்பதற்கென்றே உருவானவை. 'வைல்டுகேட்' என்று அவற்றுக்குப் பெயரே உண்டு. பத்திரம் விற்க வேண்டுமானால் பெயர் பேப்பரில் வரவேண்டும். எப்படி வரவழைப்பது?

'ரஃபிங் இட்' நூலில் க்ளெமென்ஸ் ஒளிக்காமல் சொல்கிறார். புதுச் சுரங்கம் தோண்டுகிறவர்கள் நேராகப் பத்திரிகை ஆபீசுக்கு வருவார்கள். நிருபருக்கு நாற்பது ஐம்பது அடி பங்கைக் கொடுப்பார்கள். வந்து பார்த்துவிட்டு ஒரு பத்தி எழுதுங்கள் என்பார்கள். என்ன எழுதினாலும் சரி, எழுதினால் போதும். பாறை சுமாராக இருந்தால் நிருபர் வானளாவப் புகழ்வார். பாறையில் ஒன்றுமே இல்லை என்றால்? சுரங்கப்பாதையைப் புகழ்வார். புதுக் கம்பிவடத்தைப் புகழ்வார். தண்ணீர் இறைக்கும் பம்பைப் புகழ்வார். மேற்பார்வையாளரின் பண்பைப் புகழ்ந்து முடிப்பார். பாறையைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்.

இதை நான் முதலில் படித்தபோது சிரித்தேன். இரண்டாவது முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. கவனியுங்கள், அந்தச் செய்தியில் ஒரு பொய்கூடக் கிடையாது. கம்பிவடம் நிஜம், பம்பு நிஜம், மேற்பார்வையாளர் நல்லவராகவே இருக்கலாம். வாசகன் கேட்க வேண்டிய ஒரே கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

க்ளெமென்ஸின் சம்பளம் பிறகு வாரம் 40 டாலராக உயர்ந்தது. அதை அவர் அபூர்வமாகத்தான் வாங்கினாராம். ஏனென்றால் பெட்டியில் பாதி அளவுக்குப் பங்குப் பத்திரம் சேர்ந்திருந்தது, கைச்செலவுக்குக் கொஞ்சம் விற்றால் போதும். ஒரு சுரங்கத்தில் உருக்கிய அரை டாலர் நாணயங்களைப் பாறையில் கலந்து 'இயற்கை வெள்ளி' என்று காட்டி ஏமாற்றிய கதையையும் எழுதியிருக்கிறார். ஒரு கட்டியில் நாணயத்தின் எழுத்துகள் அழியாமல் இருந்து காட்டிக் கொடுத்துவிட்டதாம்!

கல்லான மனிதன்

வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே, 1862 அக்டோபர் 4 அன்று, அவர் ஒரு செய்தி போட்டார். மலையில் கல்லாகிப் போன ஒரு மனித உடல் கிடைத்திருக்கிறது என்று. உடலின் தோரணையை விவரமாக எழுதினார்: கட்டைவிரல் மூக்கருகே, மற்ற விரல்கள் விரிந்து... வரிகளைச் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கல்மனிதன் வாசகனைப் பார்த்துப் பழிப்புக் காட்டிக்கொண்டிருக்கிறான். சும்மா கேலி. தனக்குப் பிடிக்காத ஒரு நீதிபதியையும் உள்ளே இழுத்து நையாண்டி செய்திருந்தார். ஆனால் பல பத்திரிகைகள் அதை நிஜச் செய்தியாகவே எடுத்துப் போட்டன.

எப்படி நம்பினார்கள் என்று கேட்கலாம். நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தது. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தையது. மரம் கல்லாவதைக் கண்ணால் பார்த்தவனிடம் மனுஷன் கல்லானான் என்று சொன்னால், ஒரு நிமிஷமாவது யோசிப்பான். மரம் கல்லாக, மரத்தின் திசுக்களில் சிலிக்கா கலந்த நீர் ஊறி, ஒவ்வொரு நுண்ணறையாக நிரம்ப வேண்டும். சதை அதற்குள் அழுகிவிடும். இந்த வித்தியாசம் தெரியாதவரை கட்டுக்கதை ஓடும். நல்ல பொய்க்கு எப்போதும் பக்கத்தில் ஒரு உண்மை வேண்டும்.

1863 பிப்ரவரி 3 தேதியிட்ட இதழில் கார்சன் சிட்டியிலிருந்து வந்த ஒரு கடிதத்தின் கீழ் முதல் தடவையாக ஒரு புதுப்பெயர் வந்தது: மார்க் ட்வைன். ஆம், டாம் சாயரையும் ஹக்கிள்பெரி ஃபின்னையும் எழுதிய அதே ஆள். 1896-ல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து போனவர்.

யாரும் கடைசி வரி வரை படிக்கவில்லை

அதே வருஷம் அக்டோபர் 28-ல் அவர் எழுதியதுதான் அவரை ஊரெல்லாம் திட்ட வைத்தது. ஹாப்கின்ஸ் என்பவன் மனைவியையும் ஏழு குழந்தைகளையும் கொன்றுவிட்டு, தன் கழுத்தையும் அறுத்துக்கொண்டு, குதிரையில் கார்சன் சிட்டி வரை வந்து விழுந்து செத்தான் என்று செய்தி. காரணம் கடைசியில்தான் வருகிறது. நெவாடா சுரங்கக் கம்பெனிகள் கணக்கில் தில்லுமுல்லு செய்கின்றன என்று சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைகள் எச்சரித்ததைக் கேட்டு, அவன் தன் பணத்தைச் சான் பிரான்சிஸ்கோவின் ஸ்பிரிங் வேலி தண்ணீர் கம்பெனியில் போட்டான். அங்கேயும் பொய்க் கணக்கில் லாபப்பங்கு கொடுத்து ஏமாற்றினார்கள். எல்லாம் போய் மூளை குழம்பிவிட்டது.

அதாவது நோக்கம், 'எங்கள் ஊர்த் திருட்டைச் சொல்கிறீர்களே, உங்கள் ஊர்த் திருட்டை ஏன் எழுதவில்லை' என்று பெரிய பத்திரிகைகளைக் கேட்பது. பொய் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத் தடயமும் விட்டிருந்தார். ஊருக்குத் தெரிந்த ஹாப்கின்ஸ் கல்யாணமே ஆகாதவர். செய்தி சொன்ன இடத்தில் பைன் காடு கிடையாது, ஒரு மரம்கூடக் கிடையாது. கழுத்து அறுந்தவன் அவ்வளவு தூரம் குதிரை ஓட்ட முடியாது.

ஒருத்தரும் கவனிக்கவில்லை. ரத்தத்தைப் படித்தார்கள், பதறினார்கள், மறுபதிப்புச் செய்தார்கள். தண்ணீர் கம்பெனி விஷயம் யார் மனதிலும் நிற்கவில்லை. மறுநாள் 'வாபஸ் வாங்குகிறேன்' என்று போட்டதும் கோபம் பத்து மடங்கானது. ராஜினாமா செய்கிறேன் என்று போய் நின்றவரைக் குட்மன் விடவில்லை என்பார்கள்.

இன்றைய வாட்ஸ்அப் பார்வர்டுக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நையாண்டி என்பதற்கான அடையாளம் பத்தியின் நடுவில் இருக்கிறது. பகிர்கிறவன் தலைப்போடு கிளம்பிவிடுகிறான். அன்றைக்குக் காரணம் தந்தியும் கத்திரிக்கோலும், இன்றைக்கு ஒரு பட்டன். இன்னொன்றும் உண்டு. ஐம்பது அடி வாங்கிக்கொண்டு சுரங்கப்பாதையைப் புகழ்ந்தபோது யாரும் கோபப்படவில்லை. அதனால்தான் நிஜத்தில் ஜனங்களின் பணம் போயிற்று. கோபம் வந்தது கற்பனைக் கொலைக்கு.

ஓடியவரும் இருந்தவரும்

1864 மே மாதம் மார்க் ட்வைனின் ஆட்டம் முடிந்தது. போரில் காயம்பட்ட வீரர்களுக்காகக் கார்சன் சிட்டிப் பெண்கள் நிதி திரட்டினார்கள். அந்தப் பணம் கறுப்பின, வெள்ளை இனக் கலப்பை வளர்க்கும் சங்கத்துக்குப் போகிறது என்று ஒரு கேவலமான ஜோக் அச்சேறியது. குடித்துவிட்டு எழுதியது, அச்சுக்குப் போகும் என்று நினைக்கவில்லை என்றார். நிதி திரட்டியவர்களில் அவருடைய அண்ணியும் ஒருவர். போட்டிப் பத்திரிகையோடு தனிச் சண்டை முற்றி, துப்பாக்கிச் சண்டைக்கு அழைப்புவிடும் அளவுக்குப் போனது. மே 29 அன்று ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்.

சான் பிரான்சிஸ்கோவில் 'மார்னிங் கால்' பத்திரிகையில் வேலை. ஒரு சீனத் தொழிலாளியைச் சிலர் கல்லால் அடிப்பதையும் போலீஸ்காரர் வேடிக்கை பார்ப்பதையும் நேரில் பார்த்து, இந்தத் தடவை நிஜமான கோபத்தோடு எழுதினார். அச்சாகவில்லை. அடித்தவர்கள் எந்தச் சமூகமோ அந்தச் சமூகம்தான் பத்திரிகையின் சந்தாதாரர்கள் என்று நிர்வாகம் நிறுத்திவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். பொய்க்கொலை அச்சானது, நிஜக் கல்லடி அச்சாகவில்லை. சில மாதங்களில் அந்த வேலையும் போனது. 1865 நவம்பரில் குதிக்கும் தவளைக் கதை நியூயார்க் பத்திரிகையில் வந்து அவரை நாடறியச் செய்தது. சுரங்க முகாமில் காதால் கேட்ட கதை அது.

விடுப்பில் போயிருந்த அந்தப் பழைய நிருபர் என்ன ஆனார்? பெயர் வில்லியம் ரைட், எழுதும் பெயர் டான் டி குவில். அவர் வர்ஜீனியா சிட்டியிலேயே சுமார் முப்பது வருஷம் இருந்தார். அவரும் கட்டுக்கதை விடுவதில் சூரர்தான். ஆனால் தினம் சுரங்கத்துக்குள் இறங்கி, எந்த மட்டத்தில் என்ன தாது, எவ்வளவு வெப்பம், எத்தனை பம்பு என்று எழுதினார். 1876-ல் அவர் வெளியிட்ட 'தி பிக் பொனான்ஸா' காம்ஸ்டாக்கைப் பற்றி அறிய இன்றும் முதன்மையான புத்தகம். அதை எழுத இடம் கொடுத்து உதவியவர் பழைய நண்பர் மார்க் ட்வைன். டான் 1898-ல் ஏழையாகத்தான் செத்தார்.

என்டர்பிரைஸ் பத்திரிகை? வங்கி, சுரங்கம், ஆலை எல்லாவற்றையும் கையில் வைத்திருந்த வில்லியம் ஷரோனைக் குட்மன் 1872-ல் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஷரோன் வழக்குப் போடவில்லை. 1874-ல் பத்திரிகையையே விலைக்கு வாங்கினார். அடுத்த வருஷம் செனட்டர் ஆனார். நிருபருக்குத்தான் அடிக் கணக்கு, முதலாளிக்கு முழு விலை.

சுரங்கத்துக்குள்ளிருந்து ஒரு பத்திரிகை

அந்த ஊர்ப் பத்திரிகைகளில் யாருடைய குரல் இல்லை என்று தேடினால் முதலில் வருவது பையூட் மக்கள். மண் அவர்களுடையது. வெள்ளி கிடைத்த மறுவருஷமே, 1860-ல், பிரமிட் ஏரியருகே போர். மார்க் ட்வைனின் நெவாடா எழுத்தில் பூர்வகுடிகள் வரும் இடங்கள் படிக்கவே கூசும்.

நம்ம பக்கத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு உதாரணம் உண்டு. கோலார் தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், பூமிக்கடியில் உயிரைக் கொடுத்து உழைத்த இடம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். 1907-ல் அயோத்திதாச பண்டிதர் சென்னை ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார், பிறகு அது 'தமிழன்' ஆனது. அதற்குத் தங்கவயலில் பலமான வாசகர் கூட்டம். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. 1914-ல் பண்டிதர் மறைந்தார். 1920-களில் ஜி. அப்பாதுரையார் அதே பத்திரிகையைத் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தினார். அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் அங்கே சாம்பியன் ரீஃபில்தான் இருந்தது. யோசித்துப் பாருங்கள், வர்ஜீனியா சிட்டியில் பங்கு விற்கிறவர்கள் பத்திரிகையைத் தேடிப் போனார்கள். தங்கவயலில் பாறை உடைத்தவர்கள் தங்களுக்கென்று ஒரு பத்திரிகையைத் தாங்கிப் பிடித்தார்கள். அதற்கு யாரும் அடி கொடுக்க முடியாது.

சித்தப்பாவின் ஐம்பது அடி

ஜெயங்கொண்டத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் என்று 1990-களின் பிற்பகுதியில் 13 கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க ஆரம்பித்தார்கள். முந்திரிக் காடு, கடலைக் கொல்லை. இழப்பீடு போதாது என்று ஆயிரக்கணக்கில் வழக்குகள். ஒரு தலைமுறை கோர்ட்டுக்கு நடந்தது. ஒரு கூடை நிலக்கரிகூட வெளியே வரவில்லை. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவது என்று அரசு முடிவெடுத்தது. இடையில் இருபது வருஷத்துக்கு மேல் அந்த நிலத்தை விற்கவும் முடியாது, நம்பிக் கடன் வாங்கவும் முடியாது.

அந்தப் பரபரப்பில் மனை வியாபாரம் சூடுபிடித்தது. ஒரு மனைக்காரர் சித்தப்பாவிடம் வந்தார். சுரங்க டவுன்ஷிப் வருது, ஊர் இந்தப் பக்கம்தான் வளரும்னு நாலு வரி போடுங்க தம்பி, ஒரு மனை உங்களுக்குன்னு சொன்னாராம். அந்தப் பத்திரம்தான் பெட்டிக்கு அடியில் இருந்தது.

"பொய் எழுதலடா. டவுன்ஷிப் திட்டம் இருந்துச்சு. ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் வரைபடத்துல இருந்துச்சு. இருந்ததத்தான் எழுதுனேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து கட்டிங்குகளைத் தேதிவாரியாக அடுக்கினேன், என் தொழில்புத்தி. நிலக்கரிச் செய்தி மொத்தம் 31. அதில் எத்தனை மெகாவாட், எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை என்பது கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருந்தது. ஏக்கருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது நான்கில்தான். நிலம் கொடுத்தவர் பேசியது இரண்டே இரண்டில். அதில் ஒன்று, முந்திரி மரத்துக்குக் கணக்குப் பார்த்தார்களா என்று ஒரு பெரியம்மா தாசில்தாரைக் கேட்ட ஆறு வரிச் செய்தி. மூலையில் வந்திருந்தது.

காலையில் அந்த இரண்டையும் தனியாக எடுத்துக் காட்டினேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஆறு வரியை ரொம்ப நேரம் பார்த்தார். "இது நான் முப்பது வரி எழுதுனது. வெட்டிட்டாங்க"ன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "திரும்ப எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பல"ன்னார்.

சென்னைக்கு மாற்றல் கிடைக்கவே இல்லை. 2000-களில் பத்திரிகையை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடை வைத்தார். மனை இன்னும் அங்கேயே இருக்கிறது, சீமைக்கருவேல் மண்டி. விற்கவும் இல்லை, வீடு கட்டவும் இல்லை.

அந்தப் பெட்டியை நான் பெங்களூருக்கு எடுத்து வந்துவிட்டேன். எல்லாக் கட்டிங்கையும் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். போன வாரம் சித்தப்பா போன் செய்தார். அந்தப் பெரியம்மாவின் முழுச் செய்தியையும் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். அவர் மகன் இன்னும் ஊரில்தான் இருக்கிறானாம், தேதியெல்லாம் சரிபார்க்கப் போகப்போகிறாராம்.

"எத்தனை வரி வந்திருக்கு சித்தப்பா?"

"நாப்பத்திரெண்டு. நீ வெட்டிடாத."